கலாமும் கண்ணாடி இழையும்: ராமேஸ்வரம் மரப்படகு முதல் தும்பா ராக்கெட் வரை

ராமநாதபுரத்தில் இருந்து கிழக்கு கடற்கரைச் சாலையைப் பிடித்து தொண்டி பக்கம் போனால், தேவிபட்டினம் தாண்டி வரும் மீனவ ஊர் திருப்பாலைக்குடி. பாக் நீரிணையை ஒட்டிய இந்தக் கரை முழுக்க ஃபைபர் என்பது அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல். ஃபைபர் வள்ளம், ஃபைபர் ஒட்டுறது, ஃபைபர் விட்டுப்போச்சு என்று சாதாரணமாகப் பேசுவார்கள். அந்த ஃபைபர் வேறொன்றும் இல்லை, கண்ணாடிதான். தலைமுடியைவிட மெலிசாக இழுத்த கண்ணாடி இழையை ரெசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, இறுகவிட்ட பொருள்.

இதன் நெருங்கிய சொந்தம் இப்போது உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளும் இருக்கிறது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, கண்ணாடித் துணியையும் எபாக்ஸி ரெசினையும் சூட்டில் அழுத்திச் செய்த தகடு. கயத்தாறிலும் முப்பந்தலிலும் சுற்றும் காற்றாலை இறக்கைகளும் இதே குடும்பம்.

இந்தியாவில் இந்தப் பொருளை ராக்கெட்டுக்குள் கொண்டுபோன குழுவை நடத்தியவர், இதே ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவர். ஏ.பி.ஜே.அப்துல் கலாம். ஏவுகணை விஞ்ஞானி, குடியரசுத் தலைவர், மாணவர்களுக்கு கனவு காணச் சொன்னவர் என்று அவரை எல்லாருக்கும் தெரியும். ரெசின் வாடை அடிக்கும் ஒரு பட்டறையில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

புயல் கொண்டுபோன படகு

1931 அக்டோபர் 15-ம் தேதி ராமேஸ்வரத்தில் பிறந்தார் கலாம். அப்பா ஜைனுலாபுதீன், அம்மா ஆஷியம்மா. மசூதித் தெருவில் வீடு. கலாமுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா ஒரு படகு கட்டத் தொடங்கினார். ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களை தனுஷ்கோடிக்கு அழைத்துப்போய் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கான பாய்மரப் படகு. கூட நின்று உதவியவர் உறவினரான அகமது ஜலாலுதீன். பின்னாளில் கலாமின் அக்கா ஜோஹராவைத் திருமணம் செய்துகொண்டவர் இவர்தான்.

கடற்கரையில் மரத்தைத் தீயில் வாட்டிப் பதப்படுத்தி, பலகை பலகையாகப் படகு உருவானதை அந்தச் சிறுவன் பக்கத்தில் இருந்தே பார்த்தான். படகு ஓடியது, வருமானமும் வந்தது. பிறகு ஒரு நாள் புயல் அடித்து படகைக் கொண்டுபோய்விட்டது. இவ்வளவையும் கலாம் தன் சுயசரிதையான அக்கினிச் சிறகுகளில் எழுதியிருக்கிறார்.

மரப்படகு வைத்திருப்பவருக்குப் புயல் ஒன்றுதான் பயம் என்றில்லை. மரம் தண்ணீரைக் குடித்து எடை கூடும். கடல் புழு துளைக்கும். பலகை இடுக்குகளை அவ்வப்போது அடைக்க வேண்டும். நல்ல மரத்தின் விலையும் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கரையில் ஃபைபர் பின்னாளில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதெல்லாம்தான் காரணம்.

அடுத்த இருபது ஆண்டுகள் பலருக்கும் மனப்பாடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓடும் ரயிலில் இருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி விநியோகித்தது, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணம் இல்லை. அக்கா ஜோஹராவின் தங்க வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போனது. விமானப்படை பைலட் ஆகும் முயற்சியில் ஒரே ஓர் இடத்தில் வாய்ப்பு நழுவியது. பாதுகாப்புத் துறையின் விமானப் பிரிவில் வேலை கிடைத்து, பெங்களூரில் நந்தி என்ற ஹோவர்கிராஃப்டை உருவாக்கினார். அதில் ஏறி வலம் வந்தார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே.கிருஷ்ண மேனன். ஆனாலும் அந்தத் திட்டம் பின்பு ஓரங்கட்டப்பட்டது. 1962-ல் விக்ரம் சாராபாயின் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். நமக்கு வேண்டிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

தும்பாவுக்கு ஏன் இரும்பு ஆகாது?

திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் தும்பாவும் ஒரு மீனவ கிராமம்தான். ராக்கெட் ஏவ அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பூமியின் காந்த நடுக்கோடு. அந்தக் கோடு தும்பாவுக்கு மிக அருகில் போகிறது. அதற்கு நேர் மேலே, தரையில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அதை அளக்க வேண்டும் என்பது அன்றைய விஞ்ஞானிகளின் பெரிய ஆசை. பலூன் அந்த உயரத்துக்குப் போகாது, செயற்கைக்கோள் அதற்கு மேலே போய்விடும். ராக்கெட்டை விட்டால் வழியில்லை.

1963 நவம்பர் 21-ம் தேதி தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அந்த ராக்கெட்டின் பாகங்களை ஒன்றுசேர்ப்பதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. பழைய மேரி மக்தலேனா தேவாலயக் கட்டிடமே பணிமனை.

அந்த மின்னோட்டத்தை அளக்க ராக்கெட்டின் தலைப்பகுதியில் காந்தமானி வைக்க வேண்டும். மிகச் சின்ன காந்த மாற்றத்தையும் பதிவு செய்யும் கருவி அது. அதை எஃகுக் கூட்டுக்குள் வைத்தால் என்ன ஆகும்? வானத்தை அளப்பதற்குப் பதில் தன்னைச் சுற்றியுள்ள எஃகையே அளந்துகொண்டிருக்கும். காந்தத்தை இழுக்காத, அதே சமயம் ராக்கெட்டின் வேகத்தையும் அதிர்வையும் தாங்கும் ஒரு கூடு வேண்டும். எடையும் குறைவாக இருக்க வேண்டும்.

கலாமின் குழு இதற்கு உறுதியான கண்ணாடித் துணியை அடுக்கிக் கூடு செய்தது. சி.ஆர்.சத்யா, பி.என்.சுப்பிரமணியன், எம்.என்.சத்யநாராயணா ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். காந்தம் சேராத அந்தக் கூடுகள் இரண்டு அடுக்கு ஆய்வு ராக்கெட்டுகளில் பொருத்தப்பட்டு வானத்துக்குப் போய் வந்தன.

உடையும் கண்ணாடிக்கு எங்கிருந்து வந்தது பலம்?

டம்ளர் கீழே விழுந்தால் நொறுங்குகிறது. அதே கண்ணாடி எப்படி ராக்கெட்டைத் தாங்குகிறது? நியாயமான சந்தேகம்தான். கண்ணாடி இயல்பில் பலமான பொருள். அதன் பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் அதை உடைக்கின்றன. ஒரு கீறல் நீண்டால் மொத்தமும் போச்சு. அதையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனுக்கு இழையாக இழுத்தால், பெரிய கீறலுக்கு அதில் இடமே இல்லை. எடைக்கு எடை ஒப்பிட்டால் அந்த இழை, கட்டிடத்துக்குப் போடும் கம்பியைவிடப் பல மடங்கு இழுவிசையைத் தாங்கும்.

ஆனால் நூலை வைத்துப் படகும் கட்ட முடியாது, ராக்கெட்டும் கட்ட முடியாது. அதைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். அதுதான் ரெசின். பாலியஸ்டர், எபாக்ஸி, பினாலிக் என்று பல வகை. ஓர் இழை அறுந்தாலும் அதன் சுமையைப் பக்கத்து இழைகளுக்குக் கைமாற்றி விடுவது ரெசினின் வேலை. அதனால் விரிசல் ஒரே ஓட்டமாக ஓடாது.

இந்த ரெசின்களுக்கு தெர்மோசெட் என்று பெயர். மெழுகுவர்த்தியை உருக்கலாம், ஆறவைக்கலாம், மறுபடி உருக்கலாம். முட்டையை அப்படிச் செய்ய முடியுமா? ஒருமுறை வெந்தால் வெந்ததுதான். தெர்மோசெட் அந்த முட்டை மாதிரி. ஹார்ட்னர் கலந்ததும் உள்ளே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகிவிடும். பிறகு சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது. இந்த குணமே ராக்கெட்டில் வேறு விதமாகவும் பயன்படுகிறது. எரியும் வாயு வெளியேறும் நாசிலின் உள்பக்கத்தில் பினாலிக் வகைப் பூச்சு மெல்ல மெல்லக் கருகி, தன்னை இழந்து, உள்ளே இருக்கும் பாகத்தைச் சூட்டில் இருந்து காக்கும்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கண்ணாடி இழைத் தகடு 2 கிராம் அளவு. துருப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது, ரேடியோ அலையை மறிக்காது. குறையும் உண்டு. விறைப்பில் எஃகுக்குப் பத்தில் ஒரு பங்குதான் தேறும். சுமை ஏற்றினால் உடையாது, ஆனால் வளைந்து கொடுக்கும். அதனால்தான் ஃபைபர் வள்ளத்தின் உள்ளே குறுக்கே விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வைக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயம் முக்கியம். எஃகில் ஒரு பொருள் செய்வதென்றால் எஃகை வேறு யாரோ ஓர் ஆலையில் தயாரித்துத் தந்துவிடுவார்கள். வாங்கி வெட்டி வளைப்பது மட்டும் நம் வேலை. கண்ணாடி இழையில் அப்படி இல்லை. உருவம் உண்டாகும் அதே நேரத்தில்தான் பொருளும் உண்டாகிறது. பெரிய உருக்காலை தேவையில்லை. துணி, ரெசின், அச்சு, ரோலர் போதும். கைவசம் பெரிய தொழிற்சாலை இல்லாத 1960-களின் தும்பாவுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பழியும் அதே கையில்தான் விழும். ரோலர் ஓட்டியவர் ஓரிடத்தில் காற்றுக்குமிழியை விட்டுவிட்டால், அந்த இடத்தில் பொருள் பலவீனம். ரெசின் அதிகமானால் எடை கூடும், நொறுங்கும். குறைந்தால் இழை காய்ந்து பிரிந்துவிடும். ராக்கெட் கூட்டுக்கும் நண்டு வலை போடப் போகும் வள்ளத்துக்கும் இந்த விதி ஒன்றுதான்.

பம்பரத்தில் சாட்டை சுற்றுவது போல

1968 பிப்ரவரி 2-ம் தேதி அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தும்பாவுக்கு வந்தார். தும்பா ஏவுதளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கும் விழா. அன்று கலாமின் ஆய்வகத்தில் இழை சுற்றும் இயந்திரம் ஒன்றையும் அவர் இயக்கிவைத்தார்.

பம்பரத்தில் சாட்டையை இறுக்கிச் சுற்றுவது போலத்தான் இதுவும். ரெசினில் நனைந்த கண்ணாடி இழைகள், சுழலும் ஓர் உருளை மேல் இழுத்துச் சுற்றப்படும். ரெசின் இறுகியதும் உள்ளே இருக்கும் உருளையை எடுத்துவிட்டால் கூடு தயார். கையால் துணியை ஒட்டுவதைவிட இதில் கண்ணாடியின் பங்கு அதிகம், அதனால் பலமும் அதிகம்.

ராக்கெட் மோட்டாரின் உறைக்கு இந்த முறை ஏன் பொருத்தம் என்பது அழகான விஷயம். உள்ளே எரிபொருள் எரியும்போது வாயு எல்லாப் பக்கமும் தள்ளும். உருளை வடிவத்தில், குறுக்குச் சுற்றில் உண்டாகும் இழுவிசை, நீளவாக்கில் உண்டாகும் இழுவிசையைப் போல இரண்டு மடங்கு. வேகவைத்த சாஸேஜோ ரப்பர் குழாயோ எப்போதும் நீளவாக்கில் கிழிவது இதனால்தான். எஃகு உறைக்கு எல்லாத் திசையிலும் ஒரே பலம், ஆக நீளவாக்கில் பாதி பலம் வீண். இழையில் அந்த வீண் இல்லை. எந்தத் திசையில் எவ்வளவு பலம் வேண்டுமோ அந்தத் திசையில் அவ்வளவு இழையைச் சுற்றினால் போதும். ஒரே கோணத்தில்தான் சுற்றுவேன் என்றால், கணக்குப்படி அச்சில் இருந்து சுமார் 55 டிகிரி சாய்வு சரியாக வரும்.

இந்த முறையில் 360 மில்லிமீட்டர் விட்டம் வரைக்கும் மோட்டார் உறைகளைச் சுற்றி, பறக்கவிட்டுச் சோதித்தது கலாமின் குழு. அன்று தொடங்கிய இந்தத் துறைக்கு திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் பின்னர் தனி மையமே வந்தது.

நான்காவது அடுக்கும் மாட்டு வண்டியும்

இந்தியாவின் சொந்த ஏவுகலமான எஸ்.எல்.வி-3 திட்டத்தில் கலாமிடம் முதலில் வந்த பொறுப்பு அதன் நான்காவது அடுக்கு. மேலே உச்சியில், செயற்கைக்கோளுக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மோட்டார். எடைக் குறைப்பு இங்கேதான் உயிர் மூச்சு. முதல் அடுக்கில் ஒரு கிலோ கூடினால் சமாளித்துவிடலாம். கடைசி அடுக்கு செயற்கைக்கோளோடு சேர்ந்தே சுற்றுப்பாதைக்குப் போகிறது. அங்கே உறையில் ஒரு கிலோ கூடினால் செயற்கைக்கோளில் அப்படியே ஒரு கிலோ போய்விடும். மொத்தம் 17 டன் எடையுள்ள ராக்கெட் சுமந்துபோகக் கூடியதே 40 கிலோதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த ஒரு கிலோவின் மதிப்பு புரியும். மேல் அடுக்கின் உறைக்கு இழைக் கலப்புப் பொருளைத் தேடிப் போனது இந்த நெருக்கடியால்தான்.

நடுவில் ஒரு ஏமாற்றமும் வந்தது. பிரான்ஸின் டயமான்ட் ராக்கெட்டிலும் இந்த அடுக்கைப் பொருத்தலாம் என்று பேச்சு வந்து, அதற்காக வடிவமைப்பையே மாற்றிப் பெரிதாக்கினார்கள். வேலை முடியும் தறுவாயில் பிரான்ஸ் அந்த ராக்கெட் திட்டத்தையே கைவிட்டது. உழைப்பு அத்தனையும் அலமாரிக்குப் போனது. அதற்குள், 1971 டிசம்பரில், சாராபாயும் மறைந்துவிட்டார்.

பிறகு எஸ்.எல்.வி-3 திட்டம் முழுவதற்கும் கலாம் இயக்குநர் ஆனார். 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய முதல் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பழுது நான்காவது அடுக்கில் இல்லை, இரண்டாவது அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில். வால்வு வழியாக அமிலம் கசிந்துவிட்டது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ம் தேதி இரண்டாவது முயற்சியில் 35 கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தது. இந்த முறை பத்திரிகையாளர்கள் முன் கலாமை அனுப்பிவைத்தார் தவான்.

அலமாரிக்குப் போன உழைப்பும் வீணாகவில்லை. 1981 ஜூன் 19-ம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போன ஆப்பிள் என்ற இந்தியத் தகவல்தொடர்பு செயற்கைக்கோளை, கடைசிக்கட்டமாக அதன் சுற்றுப்பாதைக்குத் தள்ளியது எஸ்.எல்.வி-3-ன் நான்காவது அடுக்கில் இருந்து உருவான மோட்டார்தான்.

ஆப்பிள் என்றதும் மாட்டு வண்டி மேல் ஒரு செயற்கைக்கோள் இருக்கும் அந்தப் புகைப்படம் ஞாபகம் வரும். வறுமைக்கு அடையாளமாக அதை இன்றும் ஃபார்வர்டு செய்கிறார்கள். உண்மையில் ஆன்டெனா சோதனைக்கு உலோகம் இல்லாத மேடை தேவைப்பட்டது. லாரியின் இரும்பு, ரேடியோ அலைகளைக் குழப்பிவிடும். மரவண்டி குழப்பாது. தும்பாவில் காந்தமானிக்கு எஃகுக் கூடு ஆகாது என்று கண்ணாடித் துணிக்குப் போன அதே மாதிரியான யோசனைதான் இதுவும்.

மூன்று கிலோவும் முந்நூறு கிராமும்

1982-ல் கலாம் ஹைதராபாத் போனார். அங்கிருந்து ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் வந்தது. 1989 மே 22-ம் தேதி அக்னி பாய்ந்தது. வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது ஏற்படும் சூட்டைத் தாங்க அதன் முனைக்கு கண்ணாடி இழை போதாது. கார்பன் இழை வந்தது. பொருள் மாறினாலும் இழையை அடுக்கும் யோசனை அதேதான்.

அந்த ஆய்வகத்துக்கு ஒரு நாள் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாமை அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அங்கே போலியோ போன்ற பாதிப்புகளால் கால் தளர்ந்த சின்னக் குழந்தைகள், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பர்களைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் மாற்றுக் காலிப்பர் தயாரானது. குழந்தைகள் நம்ப முடியாமல் நடந்தார்கள், பெற்றோர் அழுதார்கள். தன் வாழ்க்கையின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாக இதைக் கலாம் மேடைக்கு மேடை சொன்னார். எஸ்.எல்.வி-யையும் அக்னியையும் செய்தவர் ஒரு காலிப்பரை அந்த வரிசையில் வைத்தது தன்னடக்கத்தால் அல்ல. அவர் பல ஆண்டுகள் குறைக்கப் பாடுபட்ட எடை, முதல்முறையாக ஒரு குழந்தையின் காலில் குறைந்தது.

1997-ல் பாரத ரத்னா, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர். 2015 ஜூலை 27-ம் தேதி ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது சரிந்தார். மூன்று நாள் கழித்து ராமேஸ்வரம் பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார்.

கரையில் மிச்சம் இருப்பது

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் மளமளவென்று பெருகின. கட்டுமரத்தை இழந்தவர்களுக்கு நிவாரணமாகப் பல இடங்களில் கொடுக்கப்பட்டது ஃபைபர் படகுதான். அவசரத்தில் முளைத்த பட்டறைகளின் தரம் பற்றி அப்போதே கேள்வி எழுந்தது. ராக்கெட் உறையை ஊடுகதிர் வைத்தும் அழுத்தம் கொடுத்தும் சோதிப்பார்கள். படகு வாங்குபவருக்கு அந்த வசதி ஏது? வெளிப்பூச்சுக்கு அடியில் எத்தனை அடுக்கு மேட் இருக்கிறது, குமிழி இருக்கிறதா என்பது கடலுக்குள் போன பிறகுதான் தெரியும். வெளிப்பூச்சு தேய்ந்தால் உப்புத்தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கி, அடுக்குகளுக்கு நடுவே கொப்புளம் போடும். அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, முழுதாகக் காயவைத்து, புது மேட் ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் நிற்காது. வெயில் ஏறும் நேரத்தில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் ஹார்ட்னரின் அளவையும் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

பழைய மரப்படகை உடைத்தால் விறகுக்காவது ஆகும். ஃபைபர் வள்ளம் உடைந்தால் உருக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. அடுப்பில் போட்டால் நச்சுப்புகை. வெந்த முட்டை பழையபடி ஆகாது என்பதன் மறுபக்கம் இது. காலாவதியான காற்றாலை இறக்கைகளை வெட்டி சிமென்ட் சூளையில் போடும் வழியை ஐரோப்பாவில் பின்பற்றுகிறார்கள். ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமென்ட்டோடு கலந்துவிடும். தேவைப்படும்போது பிணைப்பைப் பிரித்தெடுக்கக் கூடிய புதுவகை ரெசின்களும் ஆய்வகங்களில் வந்துகொண்டிருக்கின்றன. மீன்பிடிக் கரைகளில் இப்போதைக்கு இருக்கும் வழி ஒட்டுப்போடுவதுதான். கிரைண்டர், மேட், ரெசின், ரோலர். தும்பாவில் கலாமின் குழு முதல் கூட்டைச் செய்ததும் ஏறக்குறைய இதே சாமான்களை வைத்துத்தான்.